உப்பளக் கரையிலே ஓர் இராசாளி

இரண்டாம் உலக யுத்தம் விட்டுச் சென்ற எண்ணிறந்த நிழற்படங்களுள் ஒரு வகைப் படத்தைக் கண்டு புன்னகை செய்யாதவர் அரியர். யானையொன்று போர்விமானத்தை இழுத்துச் செல்லும் காட்சியே அது. இலண்டன் பேரரசுப் போர் நூதனசாலையில் இத்தகைய படமொன்று பேணப்பட்டு வருகின்றது. 1944ஆம் ஆண்டு யூன் மாதமளவில் எடுக்கப்பட்ட அப்படத்திலே, நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல வால்ரஸ் என்னும் விமானத்தை யானை இழுக்கின்றது. படக்குறிப்போ, இந்தியாவிலுள்ள கடற்படை விமானத்தளமொன்றில் நிகழ்ந்தது என்று மட்டும் கூறி அமைகின்றது. இதே காலத்தில் இதே வேலையை யானைகள் செய்த இடமொன்று நம் நாட்டின் வடமேற்குக் கரையிலும் இருந்தது. புத்தளத்தை அடுத்துள்ள பாலாவித் தளமே அது. அங்கே யானைகள் இழுத்தவை வால்ரஸ் விமானத்தினும் பாரம் மிக்க கோர்செயர் என்னும் போர்விமானங்கள்.

பழைய புதினங்களைத் தொகுத்து வெளியிடுவோர் இப்படங்களை விநோதக் காட்சிகளாகவே கருதி வந்துள்ளனர். அமெரிக்கத் தொழிற்சாலையின் நவீனப் படைப்பும் ஆதிகாலத்து விலங்கும் ஒரே சங்கிலியிற் பிணைக்கப்பட்டிருப்பதைக் கண்டு வியப்பதோடு அவர்கள் நின்றுவிடுவர். வரலாற்று மாணவனுக்கு அந்த வியப்புப் போதாது. யானை எதற்காக அங்கு வந்தது? அந்த நிலம் எத்தகையது? படத்தைப் பிடித்தவர் யார்? அதிலே பெயரின்றி நிற்பவர்கள் யாவர்? இவற்றைக் கேட்கத் தொடங்கினால், விநோதப் படம் ஒரு நாட்டுப்புறத்தின் நான்கு ஆண்டு வரலாற்றைச் சொல்லும் சாசனமாக மாறிவிடும். கல்வெட்டைப் படிப்பதற்கு எழுத்தறிவு வேண்டும். நிழற்படத்தைப் படிப்பதற்கும் ஒருவகை எழுத்தறிவு வேண்டியிருக்கின்றது.

முதலிலே நிலத்தைப் பார்ப்போம். சங்கச் சான்றோர் பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாமல், முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்த நிலையே பாலை என்று கொண்ட மரபை நேயர்கள் அறிவர். புத்தளக் கரைக்கு அந்த இலக்கணம் நெய்தலோடு சேர்த்துப் பொருந்தும். ஒருபுறம் கடல்; அதற்கு உள்ளே கற்பிட்டி என்னும் நீண்ட மணற்றீவக்குறை; அதற்கும் உள்ளே ஆழமற்ற களப்பு; களப்பின் ஓரத்தில் வெயிலில் மின்னும் உப்பளங்கள். இலங்கையின் தென்மேற்கிலுள்ள இரத்தினபுரியிலே ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேலாக மழை பெய்ய, புத்தளத்திலே ஏறத்தாழ 1,100 மில்லிமீற்றரே பெய்கின்றது. அதுவும் ஆண்டு முழுவதும் பரந்து பெய்வதன்று. சித்திரை மாதத்துச் சில நாள் மழையும், ஐப்பசி கார்த்திகையில் வரும் பெருமழையும் போக, எஞ்சிய மாதங்களில் சோழகக் காற்றும் புழுதியும் உவர்மணமுமே அந்நிலத்தை ஆள்வன. வெயில்தான் அங்கே உப்பு விளைவிக்கும் உழவன்.

உண்மையான பாலைவனத்தோடு இதனை ஒப்பிடுதல் மிகையென்று சிலர் கூறலாம். எகிப்தின் மேற்குப் பாலைவனத்திலே பிரித்தானிய விமானப்படையினர் வாழ்ந்த வாழ்க்கையைக் காட்டும் படங்கள் பல உள. மண்ணிலே குழிதோண்டிக் கூடாரம் அடிப்போரும், பெற்றோல் தகரத்தை வெட்டி அதிலே சட்டை துவைப்போரும், தகரத்துள் மணலை நிரப்பி அதன்மேல் பெற்றோலை ஊற்றிக் கொளுத்தித் தேநீர் காய்ச்சுவோரும் அவற்றிலே தோன்றுவர். புத்தளத்துக்கு வந்த கடற்படை விமானிகளின் நிலைமை அவ்வளவு கொடியதன்று. நிழலுக்குத் தென்னை இருந்தது, அருகிலே ஊர் இருந்தது. ஆயினும், புழுதி இயந்திரத்துட் புகுவதும், நண்பகலில் விமானத்தின் உலோகத் தகட்டைத் தொட்டாற் கை பொசுங்குவதும், நன்னீருக்கு ஏங்குவதும் இரண்டு இடத்துக்கும் பொதுவானவை. எகிப்திய பாலைவனத்தில் இல்லாத ஒரு துன்பம் புத்தளத்திலே உண்டு. ஆண்டிற் பத்து மாதம் இரும்பாய் இறுகிக் கிடக்கும் மண், மழை பெய்தால் ஒரே இரவிற் களியாகிவிடும். யானையின் கதை அந்தக் களியிலேதான் தொடங்குகின்றது.

அதற்கு முன்னர், விமானத்தளம் அவ்விடத்தில் ஏன் எழுந்தது என்பதைக் கூறவேண்டும். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 4ஆம் நாள், தென்னிலங்கைக் கொக்கலையிலிருந்து பறந்த கட்டலினா விமானமொன்று, இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. அவ்விமானத்தைச் செலுத்திய லெனாட் பேர்ச்சால் என்னும் கனேடிய வீரர் உடனே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. நகுமோ என்னும் தளபதியின் கீழ் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்த யப்பானியர் கொழும்பைத் தாக்கினர். திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து இரத்மலானைக்குப் பறந்துவந்த சுவோர்ட்பிஷ் என்னும் பழைய வகை விமானங்கள் ஆறும் அன்று வழியிலேயே வீழ்த்தப்பட்டன. ஏப்பிரல் 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பாற் கடலிலே ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. பிரித்தானியரின் கீழைக் கடற்படை இலங்கையை விட்டு ஆபிரிக்கக் கரையிலுள்ள கிலிந்தினித் துறைமுகத்துக்குப் பின்வாங்கியது.

அந்த ஐந்து நாட்களும் கற்பித்த பாடம் ஒன்று. இரண்டொரு விமானத்தளங்களை நம்பியிருக்கும் தீவு ஒரே காலையிற் குருடாகிவிடும். எனவே நாடெங்கும் தளங்கள் எழுந்தன. முன்னர் இருந்தவை விரிவாக்கப்பட்டன. மின்னேரியாவிலும் சிகிரியாவிலும் காட்டை வெட்டி ஓடுபாதை அமைத்தனர். கொழும்பிலே குதிரைப்பந்தயத் திடலே விமானத் திடலாயிற்று. வடக்கே காங்கேசன்துறைக்கு அண்மையில் அமைந்த தளமே பின்னாளில் பலாலி விமான நிலையமாயிற்று. மேற்குக் கரையிலே, கொழும்பிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர் வடக்கே, 1926ஆம் ஆண்டு முதல் புகையிரதப் பாதையும் இருந்த புத்தளம் பொருத்தமான இடமாகத் தோன்றியதில் வியப்பில்லை. பாதையும் இருந்தது, தட்டையான நிலமும் இருந்தது, கடலும் அருகிலிருந்தது.

பிரித்தானியக் கடற்படைக்கு ஒரு விநோத வழக்கம் உண்டு. கரையிலமைந்த முகாமையும் அது கப்பலென்றே கருதும். கப்பலுக்குரிய பெயரைச் சூட்டி, மன்னரின் கப்பல் என்றே அழைக்கும். உப்புமணலில் நிற்கும் கொட்டிலின் தரையைக் கப்பற்றளம் என்பர். முகாம் வாயிலைத் தாண்டி ஊருக்குப் போவதைக் கரைக்குப் போதல் என்பர். விமானத்தளங்களாயின் பறவைப் பெயர் சூட்டுவது மரபு. எகிப்திலே அலெக்சாந்திரியாவுக்கு அருகிலிருந்த தெக்கெய்லாத் தளத்துக்கு முக்குளிப்பான் என்னும் நீர்ப்பறவையின் ஆங்கிலப் பெயர் வாய்த்தது. பாலைமணலுக்கு நீர்ப்பறவைப் பெயர்! இலங்கைக்கு வந்தபோது, ஆங்கிலப் பறவைகளை விட்டுச் சிங்களப் பெயர்களை அவர்கள் தேர்ந்தனர். கட்டுக்குருந்தைத் தளம் உகுஸ்ஸா ஆயிற்று; பருந்தினத்துப் பறவை அது. இரத்மலானைத் தளம் செருவா என்னும் தாராவினப் பெயரைப் பெற்றது. கொழும்புப் பந்தயத் திடலுக்குப் பேருண்டா என்று பெயர். இருதலைப் புள்ளாகிய கண்டபேருண்டத்தை நம்மவர் அறிவர். சீனன்குடாவுக்குப் பம்பரா என்றார்கள். அங்கே மட்டும் பறவை நீங்கிக் கொட்டும் பூச்சி குடிபுகுந்தது. புத்தளத்துக்கு வாய்த்த பெயர் இராஜாலியா.

இராஜாலியா என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ்ச் செவி விழித்துக்கொள்ளும். நம் இராசாளியே அது. சிங்களமும் தமிழும் ஒரே வேட்டைப் பறவையை ஒரே பெயரால் அழைத்திருப்பதை அந்நாளைய கடற்படை அலுவலர் எண்ணிப் பார்த்திருப்பார் என்று தோன்றவில்லை. தமிழ்நாட்டிலே அரக்கோணத்துக்கு அருகில் 1992ஆம் ஆண்டு இந்தியக் கடற்படை தொடங்கிய விமானத்தளத்துக்கும் ராஜாளி என்றே பெயரிடப்பட்டது. பாக்கு நீரிணையின் இருமருங்கிலும், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கொடியின் கீழ், கடற்படை விமானங்கள் ஒரே பறவையின் பெயருள்ள கூட்டில் இறங்கியுள்ளன. பாலாவி என்ற ஊர்ப்பெயரும் தமிழ் மரபிலே புதியதன்று. மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத் தீர்த்தத்துக்கும் பாலாவி என்றே பெயர்.

1944ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கீழைக் கடற்படை மீண்டும் வலிமை பெற்றுத் திருகோணமலைக்குத் திரும்பியது. இலஸ்ட்ரியஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் சனவரி மாதத்தில் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு நடுப்பகுதியில் விக்ரோரியஸ் வந்தது. ஏப்பிரல் மாதத்திலே தென்கிழக்காசியக் கட்டளையின் தலைமையகத்தை மவுண்பேற்றன் பிரபு கண்டிக்கு மாற்றினார். ஏப்பிரல் 19ஆம் நாள் சுமாத்திராவின் வடமுனையிலுள்ள சபாங் துறைமுகத்தையும், மே 17ஆம் நாள் யாவாவிலுள்ள சுரபாயாவையும், யூலை 25ஆம் நாள் மீண்டும் சபாங்கையும் இக்கடற்படை தாக்கியது. இலஸ்ட்ரியஸ் கப்பலின் போர்விமானங்களே கோர்செயர்கள்.

இக்கப்பல்களுக்கும் கரைத்தளங்களுக்கும் உள்ள தொடர்பைச் சற்று விளக்குதல் வேண்டும். விமானந்தாங்கிக் கப்பல் காற்றை எதிர்த்து விரைந்து செல்லும்போதே அதன் குறுகிய தளத்திலிருந்து விமானம் எழும்பமுடியும். துறைமுகத்திலே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் தன் விமானங்களுக்குச் சிறைக்கூடம். ஆகவே, துறைமுகத்தை அணுகுமுன்னரே விமானங்களைக் கரைக்கு அனுப்பிவிடுவர். கப்பல் பழுதுபார்க்கப்படும் வாரங்களிலே விமானிகள் கரைத்தளத்தில் தங்கிப் பயிற்சி பெறுவர். ஓடுபாதையிலே கப்பற்றளத்தின் அளவைக் குறித்துவிட்டு, இரு கைகளிலும் மட்டைகளை ஏந்திய அலுவலர் ஒருவர் சைகை காட்ட, அதன்படி இறங்கிப் பழகுவர். புத்தளம் போன்ற தளங்களின் அன்றாட ஒலி அதுவே. இறங்குதல், உடனே எழுதல், வட்டமிடுதல், மீண்டும் இறங்குதல்.

கோர்செயர் எளிதில் இறங்கும் விமானமன்று. 2,000 குதிரைவலு இயந்திரமும், 13 அடிக்கு மேற்பட்ட விட்டமுள்ள சுழல்விசிறியும் அதற்கு உண்டு. அவ்வளவு பெரிய விசிறி நிலத்தில் மோதாதிருத்தற்காகவே அதன் சிறகுகள் நாரையின் முறிந்த இறகுபோல் வளைத்து அமைக்கப்பட்டன. மூக்கோ மிக நீண்டது. இறங்கும்போது எதிரேயுள்ள பாதை விமானிக்குத் தெரியாது. அதனாலே பிரித்தானிய விமானிகள் நேராக வராமல் பக்கவாட்டில் வளைந்து வளைந்து இறங்கும் முறையைக் கையாண்டனர். பிரித்தானியக் கப்பல்களின் விமானக்கூடங்கள் உயரம் குறைந்தனவாதலின், மடித்த சிறகு முட்டாதிருக்க ஒவ்வொரு சிறகின் நுனியிலும் ஏறத்தாழ 8 அங்குலம் வெட்டப்பட்டது. இத்தகைய விமானம், வெறுமையாய் இருக்கும்போதே நான்கு தொன் நிறையுடையது, ஓடுபாதையின் விளிம்பைத் தாண்டிக் களிமண்ணில் இறங்கிவிட்டால் என் செய்வது?

போர்க்கால ஓடுபாதைகள் அவசரத்தில் அமைந்தவை. துளையிட்ட உருக்குத் தகடுகளை ஒன்றோடொன்று கொளுவி நிலத்தின்மேல் விரிப்பதும் அக்காலத்தில் எங்கும் கையாண்ட முறையே. பாதை உறுதியாயிருந்தாலும் அதற்கு இருபுறமும் பழைய மண்ணே இருந்தது. மழைக்காலத்தில் அம்மண்ணிற் சில்லுப் புதைந்த விமானத்தை மீட்க இழுவை இயந்திரம் போனால், அதுவும் புதைந்து, மீட்கவேண்டியவை இரண்டாகும். யானையின் அடியோ அகன்றது; சேற்றிலே பதிந்து பின் எளிதாக எழும் இயல்புடையது. நிலம் தாங்குமா தாங்காதா என்பதைத் துதிக்கையாலும் காலாலும் தொட்டறிந்த பின்னரே அது நிறையை ஊன்றும். ஆகவே, யானை அங்கு வந்தது விநோதத்துக்காக அன்று. அந்த நிலத்திலே அந்த வேலைக்கு அதனிலும் சிறந்த இயந்திரம் அப்போது கிடைக்கவில்லை. பர்மாவிலும் இதே நியாயமே ஆண்டது; அங்கே பதினான்காம் படை யானைகளுக்கென்றே ஒரு பிரிவை வைத்து, தேக்கமரம் இழுக்கவும் பாலம் அமைக்கவும் பயன்படுத்தியது. அதன் பொறுப்பாளராயிருந்த வில்லியம்ஸ் என்பவர் பின்னர் 1950இல் எழுதிய நூல் உலகெங்கும் வாசிக்கப்பட்டது.

யானை இருக்குமிடத்திலே பாகன் இருந்தே தீர்வான். இந்த யானைப்படங்களின் மையப்பொருள் அவனே என்று கூறினால் மிகையாகாது. விமானத்தின் ஒவ்வொரு பகுதியும் எத்தகைய இழுவையைத் தாங்கும் என்பது பொறியியலாளருக்குத் தெரியும். யானை எப்போது இழுக்கும், எப்போது மறுக்கும், இரைச்சலுக்கு எவ்வளவு அஞ்சும் என்பது பாகனுக்கே தெரியும். 2,000 குதிரைவலு இயந்திரம் அருகிலே உறுமும்போது யானை மிரளாமல் நிற்கவேண்டுமாயின், அதன் பின்னே பல்லாண்டுப் பழக்கம் இருத்தல் வேண்டும். இலங்கையிலே யானைக் கலை பரம்பரைக் கலை. கிழக்கிலும் வடக்கிலும் முஸ்லிம் கிராமங்களில் வாழ்ந்த பணிக்கர் என்னும் யானை பிடிப்போரின் துணிவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே எமர்சன் தெனன்ற் என்னும் ஆங்கில அலுவலர் 1859இல் வெளிவந்த தம் நூலிலே வியந்து எழுதியுள்ளார். சிங்களக் கிராமங்களிலும் யானைப்பந்திக் கலை 1950ஆம் ஆண்டுப் பனாமுரை யானைப் பிடிப்பு வரை நிலைத்திருந்தது. இத்தகைய ஓர் அறிவின் உடைமையாளன் உலகப் புகழ்பெற்ற நிழற்படத்திலே தோன்றும்போது, படக்குறிப்பு விமானத்தின் வகையைச் சொல்கின்றது, யானையைச் சொல்கின்றது, அவனைச் சொல்லாமல் விடுகின்றது.

இதற்குக் காரணம் வஞ்சம் என்பதைவிடப் படத்தின் நோக்கம் என்று கொள்வதே பொருந்தும். கடற்படை அதிகாரபூர்வமாகப் படப்பிடிப்பாளரை அனுப்பியது, இங்கிலாந்திலுள்ள பத்திரிகை வாசகர் தம் பிள்ளைகள் கீழ்த்திசையிலே நலமாகவும் உற்சாகமாகவும் இருக்கின்றனர் என்று அறிவதற்காக. எனவே சிரிக்கும் முகங்களும் யானையும் தென்னையும் வேண்டியிருந்தன. தணிக்கை காரணமாக இடப்பெயர்கள் விடுபட்டன. இலங்கையிலுள்ள ஒரு தளம் என்றோ, கிழக்கிலுள்ள ஒரு தளம் என்றோ எழுதினாற் போதும். யுத்தம் முடிந்தபின்பு அந்த இடைவெளிகளை நிரப்பும் பொறுப்பை எவரும் முழுமையாக ஏற்கவில்லை. வால்ரஸ் படத்தின் குறிப்பிலே நாட்டின் பெயர் மட்டும் நின்றுபோனதும் அதனாலேயே.

காணவேண்டியவை இன்னும் சில உள. முகாம்களிற் படையினர் வாழ்ந்தது கிடுகு வேய்ந்த கொட்டில்களில். கிடுகு பின்னுதல் அக்கரையோரப் பெண்களின் கைத்தொழில். காய்ந்த தென்னோலையை நீரில் ஊறவைத்து, நடுவே பிளந்து, ஓலையை மாறி மாறிப் பின்னுவர். ஒரு முகாமுக்குக் கூரை வேய எத்தனை ஆயிரம் கிடுகு வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், யுத்த காலத்திலே அத்தொழில் எவ்வளவு பெருகியிருக்கும் என்பது விளங்கும். விமானம் அமெரிக்காவிலிருந்து வந்தது. எரிபொருள் கடல் கடந்து வந்தது. விமானியின் தலைக்கு மேலிருந்த கூரை மட்டும் உள்ளூர்ப் பெண்ணின் கையிலிருந்து வந்தது. கிடுகுக் கொட்டிலுக்கு உள்ள ஒரே பெருங்குறை தீ. மற்றப்படி வெப்பத்தைத் தணிப்பதில் தகரக் கூரை அதற்கு நிகராகாது என்பதைப் படையினரும் விரைவில் உணர்ந்தனர்.

மலேரியா மற்றொரு பகை. 1934, 1935ஆம் ஆண்டுகளிலே இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற அந்நோய், யுத்த காலத்திலும் உலர்வலயத்தை விட்டு நீங்கவில்லை. படையினர் மாலையானதும் நீண்ட கைச்சட்டை அணியவேண்டும். மெப்பக்கிரின் என்னும் மஞ்சள் மாத்திரையை நாள்தோறும் விழுங்கவேண்டும். அதை உண்டவர்களின் தோல் மஞ்சளாகிவிடும். கறுப்பு வெள்ளைப் படங்களிலே அந்த மஞ்சள் தெரியாது. முகாமுக்கு வெளியேயிருந்த கிராமவாசிக்கு அம்மாத்திரையும் இல்லை. டீடீரீ மருந்து நாடெங்கும் தெளிக்கப்பட்டு மலேரியா தணிந்தது 1946ஆம் ஆண்டுக்குப் பின்னரே.

முகாமுக்கு வெளியே நிலவிய பசியையும் படங்கள் காட்டவில்லை. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகியது. இலங்கை உண்ட அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அரிசி பங்கீடு செய்யப்பட்டது. கூப்பன் புத்தகமும் சங்கக்கடையும் ஒவ்வொரு குடும்பத்தின் வாழ்க்கையிலும் புகுந்தன. கோதுமை மாவை உண்ணப் பழகாத மக்கள் பழகினர். உப்பும் மீனும் தேங்காயும் விளையும் புத்தளக் கரையிலே நெல் விளைவு குறைவு. ஆகவே, முகாமிலே கிடைத்த கூலிவேலை பலருக்கு அடுப்பெரியும் வழியாயிற்று. மண் சுமத்தல், கல் உடைத்தல், கொட்டில் கட்டல், துணி வெளுத்தல், சமையல் என்று எத்தனையோ வேலை. யுத்தம் பிறர் நாட்டை எரித்தபோது, இந்த வறண்ட கரைக்குச் சிலகாலம் காசு கொண்டுவந்தது என்னும் கசப்பான உண்மையை மறைப்பதிற் பயனில்லை.

இதற்கெல்லாம் உள்ளூரார் எடுத்த படம் உண்டா என்று வினவலாம். அக்காலத்திலே கமரா செல்வரின் பொருள். படச்சுருள் கிடைப்பதோ அரிது. படைத்தளத்தைப் பொதுமக்கள் படம்பிடித்தலோ தண்டனைக்குரியது. இலங்கைக் கிராமத்து மக்களைக் கலைக்கண்ணோடு படம்பிடித்த லயனல் வென்ற் 1944ஆம் ஆண்டு திசம்பரில் மறைந்தார். அவர் போன்றோரின் கமராவுக்கும் முகாம் வேலி திறந்ததில்லை. ஆகையால், புத்தளத்து மக்கள் தம் வாழ்க்கையிலே கண்ட மிகப் பெரிய மாற்றத்துக்குப் பிறர் எடுத்த படங்களே சாட்சியாய் எஞ்சின. அந்தப் படங்களிலே அவர்கள் ஓரத்தில் நிற்கின்றனர்.

இக்கரைக்கு இது புதிய அனுபவமன்று. 1344ஆம் ஆண்டிலே இபின் பதூதா என்னும் மொறோக்கோ யாத்திரிகர் இங்கே இறங்கினார். மரத்தாலான மதில் சூழ்ந்த அழகிய சிற்றூர் என்று புத்தளத்தை வருணித்து, கரையிலே குவிந்து கிடந்த கறுவா மரங்களையும் ஆரியச் சக்கரவர்த்தியின் உபசாரத்தையும் எழுதி வைத்துச் சென்றார். வந்துபோவோர் எழுதுவதும் இருப்போர் எழுதப்படுவதும் துறைமுகங்களின் விதி. அவ்விதியை மீறியவர் ஒருவர் இம்மாவட்டத்திலேயே பிறந்தார். கற்பிட்டியில் 1807இல் தோன்றிய சைமன் காசிச்செட்டி, 1834ஆம் ஆண்டிலே இலங்கையின் ஊர்களையும் குடிகளையும் அகரவரிசையில் விவரிக்கும் நூலை வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தமிழ் புளூராக் என்ற பெயரால் ஆங்கிலத்தில் எழுதினார். எந்த ஊரையும் சிறிதென்று விடாத அவர் போன்ற ஒருவர் 1944இல் பாலாவியிலே இருந்திருப்பாராயின், பாகன் இன்னான், இன்ன ஊரான் என்பது இன்று நமக்குத் தெரிந்திருக்கும். அத்தளத்திலே வேலை செய்தோரின் பேரப்பிள்ளைகள் கேட்ட கதைகளை எழுதி வைப்பதற்கு இன்னும் காலம் முற்றாகக் கடந்துவிடவில்லை. ஆனால் நாள் செல்லச் செல்ல அது அருகி வருகின்றது.

யுத்த காலத்துப் படையினருக்கென்று கொழும்பிலே தென்கிழக்காசியக் கட்டளை நடத்திய வானொலி நிலையத்தை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருத்தம். முகாம்களில் மாலைநேரத்து இசையைக் கேட்டோர் கலைந்து சென்றபின், அதன் வலிய ஒலிபரப்பி இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. 1949இல் உருவான இலங்கை வானொலியின் குரல் கடல் கடந்து தமிழகத்து வீடுகளுக்கும் எட்டியதற்கு அந்தப் போர்க்காலக் கருவியும் ஒரு காரணம். யுத்தம் விட்டுச்சென்ற பொருள்களுள் இது போல் மக்களுக்குப் பயன்பட்டவை மிகச் சில.

கிடுகுக் கொட்டில்கள் மீண்டும் ஒருமுறை இக்கரையிலே ஆயிரக்கணக்கில் எழுந்தன. 1990ஆம் ஆண்டு ஒற்றோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பாலோர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து, கிடுகாலான அகதிமுகாம்களிலே பல்லாண்டு வாழ்ந்தனர். முந்தைய கொட்டில்களில் இருந்தோர் நாள் குறித்து வீடு திரும்பினர். பிந்தியவற்றில் இருந்தோருக்கு அந்த நாள் குறிக்கப்படவில்லை. அவர்களையும் வெளியிலிருந்து வந்தோரே அதிகமாகப் படம்பிடித்தனர்.

1945ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே யப்பான் சரணடைந்தது. கோர்செயர் விமானங்கள் அமெரிக்கா கடன்குத்தகைத் திட்டத்தின் கீழ் வழங்கியவை. யுத்தம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவேண்டும், அன்றேல் விலை கொடுக்கவேண்டும். இரண்டும் வேண்டாம் என்று பலவற்றைக் கப்பலிலேற்றிச் சென்று அவுஸ்திரேலியக் கரைக்கு அப்பாற் கடலிலே தள்ளிவிட்டனர். தப்பிய மிகச் சிலவற்றுள் ஒன்று இங்கிலாந்தின் யோவில்ற்றன் நூதனசாலையில் நிற்கின்றது. பிற்காலத்திற் பூசிய வர்ணத்தைச் சிறு சிறு துண்டாகச் சுரண்டி நீக்கி, 1944இல் தொழிற்சாலையிற் பூசிய முதல் வர்ணத்தை அங்குள்ள வல்லுநர்கள் வெளிக்கொணர்ந்தனர். அவ்வளவு பொறுமையோடு ஒரு விமானத்தின் தோல் படிக்கப்பட்டிருக்கின்றது.

பாலாவித் தளம் பின்னர் இலங்கை விமானப்படையின் பொறுப்புக்கு வந்தது. அதன் அண்மையிலே உப்பளங்கள் இருக்கின்றன. மழைக்கு முன்னர் உப்பை வாரிக் குவித்துக் கிடுகால் மூடிவைக்கும் வழக்கத்தை அக்கரையோரத்தார் நெடுங்காலமாகக் கையாண்டு வந்துள்ளனர்.